டெல்டாவின் கணக்கை டெல்டாவில் எழுதுங்கள்

காவிரிப் படுகையின் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் பொருளியல் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருவாரூர் பக்கம் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று எங்கள் பக்கத்தில் மூன்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். யார் முதலில் கையில் எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். மூவரும் சேர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது.

நான் கலைக்கல்லூரியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கீழ்வேளூர் வட்டத்தில் கொஞ்சம் நஞ்சை உண்டு, இன்னும் சாகுபடி செய்கிறேன். அதனால் வினாத்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கிய அனுபவமும் இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து அடுத்தவர் வினாத்தாளுக்குப் பதில் சொன்ன அனுபவமும் இருக்கிறது.

கேட்க வந்தது இதுதான். காவிரிப் படுகைக்கென்று ஒரு பொருளியல் ஆய்வு நிறுவனம் உங்கள் வளாகம் ஒன்றில் வேண்டும். புதுக் கட்டடத்தையோ திறப்பு விழாக் கல்வெட்டையோ கேட்கவில்லை. ஒரே ஊர்களுக்கு, ஒரே வீடுகளுக்கு, வருஷம் தவறாமல் போய்க் கேட்டு எழுதி, எழுதியதை அந்த ஊருக்கே தமிழில் திருப்பிக் கொடுக்கிற ஒரு நிறுவனம் வேண்டும்.

இது புதுசாகத் தோன்றிய யோசனை இல்லை. இதற்கான விதை நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் விழுந்துவிட்டது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். இங்கே வந்து பார்த்தால், இந்தியப் பொருளாதாரம் என்று பாடம் நடத்துவதற்கு இந்தியக் கிராமத்தைப் பற்றிய உருப்படியான கணக்கு எதுவும் கையில் இல்லை. மனிதர் ஒரு கேள்விப்பட்டியல் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போய் நிலம், கூலி, கடன், மாடு, வீடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். அந்தக் கட்டுரைகள் 1918-ல் புத்தகமாக வந்தன. அதில் இடம்பெற்ற ஐந்து ஊர்களுக்குப் பின்னாளில் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டு தூசி, ராமநாதபுரம் ஜில்லா வடமலாபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான், அப்புறம் எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி.

பாலக்குறிச்சி இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா மதகையும் தாண்டி, எல்லோரும் எடுத்தது போக, கடைசியில் வந்து சேர வேண்டிய ஊர்.

ஸ்லேட்டர் 1921-ல் பதவியை விட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் தொடங்கியது நிற்கவில்லை. அவருக்குப் பின் அந்தத் துறையில் பேராசிரியராக இருந்த பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் 1936-37-ல் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை அடியோடு விழுந்திருந்த காலம். மேட்டூர் அணை 1934-ல்தான் திறக்கப்பட்டிருந்தது. 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களில் எஸ்.குகன் முன்னின்று, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் ஸ்லேட்டர் கிராமங்களுக்கு மறுபடி போனார்கள். மால்கம் ஆதிசேசய்யா 1971-ல் அடையாறில் தொடங்கிய நிறுவனம் அது. அண்மைக் காலத்தில் பெங்களூருவிலிருந்து வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளையினர் பாலக்குறிச்சியையும் பக்கத்து வெண்மணியையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி ஒரு நூற்றாண்டு முழுக்க ஆள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போன ஊர் இந்தியாவில் அதிகம் கிடையாது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் வந்ததால்தான் எங்களுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. ஆனால் வந்தவர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள், இங்கிலாந்திலிருந்து வந்தார்கள், பெங்களூருவிலிருந்து வந்தார்கள். பாலக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய பல்கலைக்கழகத்தில் அந்த ஊருக்கென்று ஒரு நிரந்தர ஏடு திறக்கப்படவில்லை.

வந்தவர்கள் இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை வந்தார்கள். நடுவில் நடந்ததை யார் எழுதினார்கள்? 1936-37-க்கும் 1961-க்கும் நடுவில் மட்டும் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். போர் வந்தது, ரேஷன் வந்தது, சுதந்திரம் வந்தது, செங்கொடி சங்கம் வந்தது, 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-க்கும் 1980-களுக்கும் நடுவில் பசுமைப் புரட்சியே வந்துவிட்டுப் போனது. 1960-ல் ‘பேக்கேஜ் திட்டம்’ என்ற தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாடு முழுக்க முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்து குறுவையின் நடையையே மாற்றியது.

1968 என்ற வருஷத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம். அந்த வருஷம் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் சுமார் 5,000 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, வருமானம், வேலை, வீடு, செலவு என்று விசாரிக்கத் தொடங்கியது. இன்று வரை அதே குடும்பங்களை விடாமல் விசாரிக்கிறார்கள். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனால் அந்த வீட்டுக்கும் போகிறார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் காலம். ஏழை வீட்டில் பிறந்தவன் ஏழையாகவே சாகிறானா என்ற கேள்விக்கு அந்த நாட்டில் ஆதாரத்தோடு பதில் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு ஒரு பல்கலைக்கழக நிறுவனம் அரை நூற்றாண்டுக்கு மேலாக விட்டுவிடாமல் பிடித்த பிடிதான் காரணம்.

அதே 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட மக்களின் தெருவில், 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கிழக்குத் தஞ்சையின் கூலி எவ்வளவு, எவ்வளவு இருக்க வேண்டும் என்று விசாரிக்க அரசு கணபதியா பிள்ளை தலைமையில் ஒருநபர் ஆணையம் வைத்தது. 1969-ல் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. அறுவடைக் கூலி ஊருக்கு ஊர் எப்படி வேறுபட்டது, எத்தனை நாள் வேலை கிடைத்தது, அதில் ஒரு குடும்பம் சாப்பிட முடிந்ததா என்ற கணக்கு அதற்கு முன்பே வருஷாவருஷம் பொதுவில் கிடந்திருந்தால் வெண்மணி நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நெருப்பு வைத்தவர்களுக்குக் கணக்கு தேவைப்படவில்லை. ஆனால் கூலியை எண்ணிப் பார்க்கவே ஓர் அரசுக்கு 44 பிணம் தேவைப்பட்டது என்பது பொருளியல் படித்த எங்களைப் போன்றவர்களுக்கும் அவமானம்தான்.

இந்தியாவிலும் இந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். புனேயில் 1930-ல் ஆர்.ஆர்.காலே என்பவர் கொடுத்த நன்கொடையில் கோகலே நிறுவனம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் டி.ஆர்.காட்கில் நிறுவனம் இருந்த புனேயையே வீடு வீடாக அளந்தார், சில வருஷம் கழித்து அந்த நிறுவனத்தார் அதே புனேயை மறுபடி அளந்தார்கள். 1954 வாக்கில் மத்திய வேளாண் அமைச்சகம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வேளாண் பொருளியல் ஆய்வு மையங்களைத் தொடங்கியபோது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்று கிடைத்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்து மையம் 1957-58-ல் உத்தரப் பிரதேசத்தில் பாலன்பூர் என்ற ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொண்டது. 1962-63-ல் மறுபடி போனது. அந்த ஏடுகள் பத்திரமாக இருந்ததால் 1974-75-ல் வேறு ஆய்வாளர்கள் அதே வீடுகளுக்குப் போக முடிந்தது. அப்புறம் 1983-84, 1993, 2008 என்று தொடர்ந்தது. இன்று உலகப் பொருளியலில் பாலன்பூர் தெரியாதவர் குறைவு. அந்த ஊரில் அதிசயம் எதுவும் கிடையாது. பழைய ஏட்டை யாரும் தூக்கிப் போடவில்லை, அவ்வளவுதான்.

“எங்களிடம் பொருளியல் துறை இருக்கிறது, ஆண்டுக்கு இத்தனை முனைவர் பட்டம் தருகிறோம், அதில் பாதி டெல்டா விவசாயத்தைப் பற்றியதுதானே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் அந்த ஆலையில் அரைபட்டவன்தான். நாலு வட்டாரத்தைத் தேர்வு செய்வோம், நூற்றுச்சொச்சம் பேரிடம் வினாத்தாள் நிரப்புவோம், அதைக் கணினியில் போட்டு இரண்டு சோதனை செய்வோம், கடைசி அத்தியாயத்தில் ‘விவசாயிகளுக்கு உரிய நேரத்தில் கடன் வழங்க வேண்டும்’ என்று பரிந்துரைப்போம். ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏற்றியாகிவிட்டது, வைவா முடிந்துவிட்டது, சால்வையும் போர்த்தியாகிவிட்டது. அடுத்த மாணவர் வருவார், வேறு நாலு வட்டாரம், வேறு நூற்றுச்சொச்சம் பேர். முதல் மாணவர் விசாரித்த வீடு அதற்குள் நிலத்தை விற்றதா, வாங்கியதா என்பது யாருக்கும் தெரியாது. ஆய்வேடு நிறைய இருக்கிறது, தொடர்ச்சிதான் இல்லை.

சரி, அரசாங்கமே கணக்கு எடுக்கிறதே என்பீர்கள். எடுக்கிறது. 1970-71 முதல் மத்திய அரசின் சாகுபடிச் செலவுத் திட்டம் நடக்கிறது. தமிழ்நாட்டில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைச் செய்கிறது. தேர்வாகும் இடத்தில் நில அளவுப்படி ஐந்து பிரிவு, பிரிவுக்கு இரண்டு என்று பத்துப் பண்ணை. களப்பணியாளர் நாள்கணக்காக எழுதுவார். கவனமாகப் போட்ட ஏற்பாடு, அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது விலை நிர்ணயத்துக்கான கணக்கு. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாதிரி மாறிவிடும். நிலம் இல்லாத வீடு அதில் வராது. கடைசியில் ஆதார விலைக்கு அடிப்படையாவது ஓர் அகில இந்தியச் சராசரி.

2025-26 சாதாரண நெல்லுக்கு அந்தச் சராசரிச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். கைச்செலவும் குடும்ப உழைப்பின் மதிப்பும் சேர்ந்தது. அதோடு பாதியைக் கூட்டி 2,369 ரூபாய் ஆதார விலை. பாதியைக் கூட்ட வேண்டும் என்று 2006-ல் சொன்ன தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவர் எம்.எஸ்.சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர். எந்தச் செலவோடு பாதியைக் கூட்டுவது, சொந்த நிலத்தின் வாடகையையும் முதலின் வட்டியையும் சேர்த்த முழுச் செலவோடா, சேர்க்காத செலவோடா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டை டெல்லியில் நடக்கட்டும். என் கேள்வி சின்னது. பஞ்சாபும் ஆந்திராவும் கலந்த அந்த 1,579-க்குள் கடைமடைக்காரன் செலவு எங்கே நிற்கிறது? மேலேயா, கீழேயா, எவ்வளவு? இந்த வட்டாரத்தில் எந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாலும் வருஷாவருஷம் தொடர்ந்து எழுதிய ஒரு பதிலை எடுத்துக் காட்ட ஆள் இல்லை.

எண் வேண்டும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. எந்த எண்ணை எந்த எண்ணோடு சேர்த்துப் பார்ப்பது என்று தெரிந்தவர் வேண்டும், அது ஊரிலேயே கிடந்தால்தான் தெரியும். உளுந்தைச் சொல்கிறேன்.

சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நெற்பயிர் நிற்கிற வயலிலேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளித்துவிடுவோம். உழவில்லை, பாசனமில்லை. நெல்லை ஆள் வைத்து அறுத்துக் கட்டுக் கட்டி எடுத்துப் போனதும் தாளுக்கு நடுவே முளை தெரியும். மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனியில் பயறு கைக்கு வரும். வீட்டுக்கு இட்லிக்கு ஆனது போக மீதியை விற்கலாம். பல குடும்பத்தில் வாங்கிய நகைக்கடன் திரும்பியது அந்தக் காசில்தான்.

இப்போது அறுவடைக்கு மெஷின் வருகிறது. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, சேற்று வயலுக்கு செயின் வண்டி, மணிக்கணக்கில் வாடகை. ஆள் கிடைக்காத நேரத்தில் மெஷின் இல்லாவிட்டால் நெல் வயலிலேயே உதிர்ந்து போகும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தெளித்த உளுந்து முளைவிட்டிருக்கும் வயலில் செயின் ஏறி இறங்கினால் என்ன மிஞ்சும்? பலர் உளுந்து தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். வைக்கோலும் மெஷினில் அடிபட்டு வயலில் சிதறுகிறது, அதைச் சுருட்டிக் கட்ட இன்னொரு மெஷினுக்குக் காசு. அந்தத் தொல்லைக்கு மாட்டையே விற்றுவிட்ட வீடுகள் உண்டு.

இதை வினாத்தாளில் எப்படி எழுதுவார்கள்? நெல் பக்கத்தில் ‘அறுவடைச் செலவு குறைந்தது’ என்று வரும். பயறு பக்கத்தில் ‘சாகுபடி இல்லை’. கால்நடைப் பக்கத்தில் ‘மாடு இல்லை’. மூன்று பக்கத்துக்கும் ஒரே காரணம் என்பது அந்தத் தாளில் எங்கும் தெரியாது. இன்னொரு வீடும் இருக்கிறது. அறுவடைக் கூலியை நெல்லாக வாங்கிப் பானையில் கொட்டி வைத்த வீடு. மெஷின் வந்ததும் அந்த நெல் நின்றுவிட்டது. அந்த வீட்டு ஆண் திருப்பூர் போயிருப்பார், பெண் நூறு நாள் வேலைக்குப் போவார், அரிசி ரேஷனில் வருகிறது. அந்த வீட்டுக்கு இது நட்டமா லாபமா? நான் பார்த்தவரை சில வீட்டுக்கு நட்டம், சில வீட்டுக்கு விடுதலை. மிராசுதாரர் களத்தில் குனிந்து நிற்க வேண்டியதில்லை என்பதே பெரிய வரவு என்று சொன்னவர்களும் உண்டு. இப்போது எங்கள் வயலில் நடவுக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆண்கள் வந்து இறங்குகிறார்கள். பெண்கள் மட்டுமே செய்துவந்த வேலை அது. அந்தக் கூலி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை, நிலம் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒரே ஆள் போய்க் கேட்டால் ஒழிய எழுத முடியாது.

குத்தகைக் கணக்கும் இப்படித்தான். இங்கே பாதிக்கு மேல் வாய்ச்சொல்தான், எழுத்து கிடையாது. கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர் நிலம் எல்லாம் கைமாறிக் கைமாறி உழுகிறவரிடம் இருக்கிறது. நிவாரணமும் காப்பீடும் பட்டாக்காரர் பெயரைத் தேடிப் போகும். உழுகிறவர் அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கின் நகலுக்கு அலைவார். இந்த நிலையில் புது முகம் ஒன்று வந்து ‘நிலம் சொந்தமா, குத்தகையா?’ என்று கேட்டால், “சொந்தம்தான் சார்” என்று சொல்லிவிடுவார். விஷயம் வெளியே தெரிந்து நிலம் போய்விடுமோ என்ற பயம். முதல் வருஷம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. மூன்றாவது வருஷம் அதே ஆள் அதே வீட்டுக்கு வந்து, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்து போயிருந்தால், “அது குத்தகை தம்பி, மாவுக்கு இத்தனை மூட்டை அளக்கிறேன்” என்று தானாக வரும். ஒரு தடவை வந்து போகிற ஆய்வு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் டெல்டாவின் குத்தகையை அதனால் எழுத முடியாது.

மா என்றதும் ஒரு விஷயம். இங்கே மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. மூட்டை என்றால் 60 கிலோ, கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. கையில் டேப்லெட்டோடு வருகிற பிள்ளைகள் ‘ஹெக்டேருக்கு எத்தனை குவிண்டால்?’ என்று கேட்டுவிட்டு, எதிரே இருப்பவர் மனக்கணக்குப் போட்டுச் சொல்லும் ஏதோ ஒரு எண்ணைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த எண் எங்கெல்லாம் போகிறதோ. மழைக்குப் பயந்து நெல்லைச் சாலையோரம் குவித்து, 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காய வைத்து, தார்ப்பாயைப் போர்த்திக் காவல் கிடக்கும் ராத்திரிகளுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவுக்குச் சில வருஷம் முன்பு ஒரு குழு வந்தது. யார் அனுப்பினார்கள் என்பது இங்கே வேண்டாம். நகைக்கடன் வரைக்கும் கேட்டார்கள், அரை நாள் உட்கார்ந்து பதில் சொன்னோம். அறிக்கை வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை. அடுத்து வருகிறவனிடம் எங்கள் தெரு எப்படிப் பேசும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படித் தொடர் ஏடு இல்லாததன் விலையை நாம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். 2011-க்குப் பிறகு எட்டு வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை, 2020-ல்தான் மறுபடி அந்தத் தேதிக்குத் திறந்தது. அந்த எட்டு வருஷத்தில் குறுவை போன வீடுகள் எப்படித் தாக்குப் பிடித்தன, எது முதலில் அடகுக்குப் போனது, எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது? ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஏட்டில் யாரும் எழுதவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தபோது, தமிழ்நாட்டு நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மயிலாடுதுறைப் பக்கம் போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குறுவை நடுகிறவருக்கு அது பொருந்தலாம். வேதாரண்யத்துப் பக்கம் போர் போட்டால் உப்பு. ஊர்வாரியாக எத்தனை அடியில் தண்ணீர், மோட்டாருக்கு என்ன செலவு, எத்தனை மா பாய்ந்தது என்ற வீட்டுக் கணக்கு பத்து இருபது வருஷத்துக்குத் தொடர்ச்சியாக ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு இருந்திருந்தால், வழக்குக்கு அது உதவியிருக்குமா இல்லையா என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். குறைந்தபட்சம் கேட்டவரிடம் நீட்ட ஒரு காகிதம் இருந்திருக்கும்.

அதே வருஷம் நவம்பர் 16 விடியலில் கஜா. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வேரோடு சாய்ந்தது. மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் பேசினார்கள். ஆனால் அந்தத் தோப்பு புயலுக்கு முந்திய ஐந்து வருஷம் என்ன காய்த்தது, அந்தக் காசில் எத்தனை வீடு ஓடியது, கீற்று முடைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? புயல் அடித்த பிறகு போய்க் கேட்டால் கிடைப்பது ஞாபகம்தான். புயலுக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய கணக்கு அது.

எந்த ஊர்களை எடுப்பது என்று கேட்டால் என் விருப்பத்தைச் சொல்கிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். பாலக்குறிச்சியும் வெண்மணியும் கட்டாயம். நூறு வருஷத்து முன்னோடி ஏடுகள் உள்ள ஊரை விட்டுவிட்டு வேறு ஊரில் தொடங்குவது அசட்டுத்தனம். அப்புறம் கல்லணைக்குக் கிட்டத்தில் தலைமடை ஊர் ஒன்று, போர் தண்ணீரில் சாகுபடி நடக்கும் ஊர் ஒன்று, கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில் தென்னையும் நெல்லும் கலந்த ஊர் ஒன்று, உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர் ஒன்று. போதும். நூறு ஊர் வேண்டாம். நூறு ஊர் எடுத்தால் மூன்றாவது வருஷம் நின்றுவிடும்.

பணத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஸ்லேட்டரிடம் நிறுவனமே இல்லை, மாணவர்கள்தான் இருந்தார்கள். உங்களிடம் டெல்டா முழுக்கப் பரவிக் கிடக்கிற இணைவுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் எம்.ஏ. பொருளியல் படிக்கிற, இதே ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்லேட்டர் காலத்தைவிட நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அன்று கல்லூரி வரை போக முடிந்தவர்கள் பெரும்பாலும் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கண்ணுக்கு எட்டிய வரைதான் சேரியின் கணக்கு. இன்று அந்தத் தெருவிலிருந்தும் முதுகலைப் படிப்புக்கு வருகிறார்கள், அதிலும் பெண்கள் நிறைய. விசாரிக்கப் போகிறவர்களில் அவர்கள் இருக்க வேண்டும், கேள்விப்பட்டியல் எழுதுகிற மேசையிலும் இருக்க வேண்டும். நடவுக்குப் போகிற அம்மாவிடம் என்ன கேட்க வேண்டும் என்பது மகளுக்குத்தான் தெரியும்.

ஆனால் மாணவர்களை மட்டும் நம்பி நடத்தவும் முடியாது, இரண்டு வருஷத்தில் போய்விடுவார்கள். ஊருக்கு ஒருவர் என்று நிரந்தரமான களப்பணியாளர், ஏட்டைப் பாதுகாக்க ஓர் ஆவணக் காப்பாளர், இதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஓர் இயக்குநர் என்று பணியிடங்கள் வேண்டும். துணைவேந்தர் மாறினால் மூடிவிடாதபடி ஆட்சிக்குழுத் தீர்மானமாகவும் அறக்கட்டளை வைப்புநிதியாகவும் அது இருக்க வேண்டும். திட்டக் காலம் மூன்று வருஷம், நீட்டிப்பு உண்டு என்ற கதை வேண்டாம். அந்தக் கதையில்தான் எல்லாம் செத்தது.

வருஷத்துக்கு ஒரு முறை, கோடையில், ஊருக்குப் பத்துப் பக்கத்தில் ஓர் அறிக்கை தமிழில் வர வேண்டும். பேர் இல்லாமல், வீட்டு எண் தெரியாமல், ஆனால் கூலி, குத்தகை, வட்டி, விளைச்சல், விற்ற விலை எல்லாம் திறந்து. அதைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். “இது தப்பு, எங்க தெருவுல கூலி இது இல்ல” என்று யாராவது எழுந்து சொன்னால் அதையும் குறித்துக்கொண்டு அடுத்த வருஷம் சரிபார்க்க வேண்டும். சர்வதேச இதழில் ஆங்கிலக் கட்டுரை வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்கள் தரவரிசைக்கு அது தேவை என்று தெரியும். அது இரண்டாவதாக வரட்டும்.

ஏடுகளைத் தேடி எடுப்பதை இந்த மாதமே தொடங்கலாம், அதற்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை. 1918 புத்தகமும் 1940-ல் வெளிவந்த மறு ஆய்வும் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றில் பாலக்குறிச்சிப் பகுதியைத் தமிழாக்கி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள நிறுவனங்களிடம் பிந்தைய ஆய்வுகளின் தரவுகளைக் கேட்டு எழுதுங்கள். பாரதிதாசனும் மத்தியப் பல்கலைக்கழகமும் பொருளியலைப் பார்த்துக்கொள்ள, தஞ்சாவூரில் ஓலையையும் கல்வெட்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் பழைய நில அளவுகளையும் மிராசு ஆவணங்களையும் படித்துக் கொடுக்கலாம்.

அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதை ஓர் உருப்படியாக வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்றால் சம்பா நடவுக்குள் முதல் சுற்று விசாரிப்பைத் தொடங்கிவிடலாம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், அதையும் ஊரில் படித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர், விவசாயி,
கீழ்வேளூர் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்